ஈலாவின் இரண்டரை ஆண்டுகள்

2022 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்க ஓபன் ஜூனியர் சிறுமியர் இறுதி ஆட்டத்தில் லூசி ஹவ்லிச்கோவாவை 6-2, 6-4 என்று அலெக்சாண்ட்ரா ஈலா வென்றபோது அவருக்கு வயது 17. அந்தப் போட்டி முழுவதிலும் அவர் ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை. பிலிப்பைன்ஸிலிருந்து வந்து கிராண்ட் ஸ்லாம் ஜூனியர் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஆள் அவர்தான். பரிசளிப்பின்போது தகாலோக் மொழியில் தன் நாட்டு மக்களோடு பேசினார். அப்படி ஒரு வெற்றி வந்தால் அடுத்த வருடமே அந்தப் பெண் பெரியவர்களோடு மோதி ஜெயிப்பார் என்று ரசிகர்கள் கணக்குப் போடுவது வழக்கம். ஆனால் உலகத் தரவரிசையில் முதல் 100 இடங்களுக்குள் ஈலா வந்தது 2025 மார்ச் மாதத்தில். இடையில் ஓடிய இரண்டரை ஆண்டுகளைத் தேக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த நியூயார்க் வாரத்தைச் சரியாகப் படித்திருந்தால் இவ்வளவு காலம் ஆகும் என்பதும், ஆனாலும் அவர் வந்து சேருவார் என்பதும் அன்றே தெரிந்திருக்கும் என்பது என் கருத்து. ஜூனியர் போட்டியில் கோப்பையை யார் தூக்கினார் என்பதைவிட, யாரை, எந்த வயதில், எந்த ஷாட்டைக் கொண்டு வென்றார் என்பதே நமக்கு அதிகம் சொல்லும்.

முதலில் எதிராளிகளைப் பார்ப்போம். ஈலா அந்தப் போட்டியில் 10-ம் நிலை வீராங்கனை. இறுதியில் அவர் வீழ்த்திய ஹவ்லிச்கோவா அதே ஆண்டு பிரெஞ்சு ஓபன் ஜூனியர் பட்டத்தை வென்றவர். அரை இறுதியில் எதிரே நின்றவர் கனடாவின் விக்டோரியா மபோகோ. அதற்கு முந்தைய சுற்றுகளில் ஈலா நேர் செட்களில் வென்றவர்களில் ஒருவர் ரஷ்யாவின் மீரா ஆண்ட்ரீவா. இந்த இரண்டு பெயர்களும் அன்று யாருக்கும் பெரிதாகத் தெரியாது. இன்று டென்னிஸ் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். ஆண்ட்ரீவா 2025 பிப்ரவரியில் துபாயிலும் மார்ச்சில் இண்டியன் வெல்ஸிலும் அடுத்தடுத்துப் பட்டம் வென்றார். மபோகோ அதே ஆண்டு ஆகஸ்டில் மான்ட்ரியல் போட்டிக்குள் வைல்டு கார்டில் நுழைந்து, கோகோ காஃபையும் எலீனா ரிபாகினாவையும் தாண்டி, இறுதியில் நவோமி ஒசாகாவை வென்றார். ஆக, 2022-ல் ஈலா ஒரு லேசான டிராவில் தப்பித்து மேலே வரவில்லை. அந்தத் தலைமுறையின் மிகக் கூர்மையான ஆட்டக்காரர்களில் இருவரை ஒரே வாரத்தில் கடந்து வந்தார். அந்தப் பட்டத்துக்கு அன்று கிடைத்த மரியாதைகூடக் குறைவு என்றுதான் நான் நினைக்கிறேன்.

இங்கே வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்று ஆண்ட்ரீவாவுக்கு 15 வயது, மபோகோவுக்கு 16. பதினைந்துக்கும் பதினேழுக்கும் இடையில் தோள் வலுவும் கால் வேகமும் எவ்வளவு மாறும் என்பது பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தோற்ற இருவரும் பிறகு தரவரிசையில் ஈலாவை முந்திச் சென்றதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதனால் ஈலாவின் வெற்றி சிறுத்தும் போய்விடாது. இந்த வயதில் ஒரு நேரடி மோதலின் முடிவு யார் முன்னால் இருக்கிறார் என்பதைக் காட்டும். யார் எவ்வளவு தூரம் போவார் என்பதைக் காட்டாது.

அடுத்தது ஆட்டம். இடது கையால் ஆடும் ஈலாவின் பலம் எதிராளியின் சர்வைத் திருப்பும் விதத்தில் இருக்கிறது. பந்து எழும்பி உச்சிக்கு வரும்வரை காத்திருக்க மாட்டார். பேஸ்லைனை ஒட்டி நின்று, எழும்போதே அடித்து எதிராளியின் நேரத்தைப் பறிப்பார். இரு கை பேக்ஹேண்டை நேர்கோட்டில் அடிக்க அவருக்குத் தயக்கமே கிடையாது. இரண்டாவது சர்வ் பலவீனமாகவே விழும் ஜூனியர் ஆட்டத்தில் இந்த ரிட்டர்ன் ஒன்றே போதும். சர்வ் செய்யும் பெண் முதல் பந்திலேயே பின்வாங்கிவிடுவார். ஈலாவின் குறையும் அதே இடத்தில்தான் இருந்தது. அவருடைய சர்வ், அதிலும் இரண்டாவது சர்வ், பெரியவர்களின் களத்தில் அடிவாங்கும் சர்வ். ரிட்டர்னால் கிடைத்த பிரேக்கைத் தன் சர்வில் திருப்பிக் கொடுக்கும் ஆட்டக்காரர் ஒவ்வொரு செட்டையும் இரண்டு முறை வென்றாக வேண்டும். அதற்கு உடல் வலு வேண்டும், மோசமான நாளிலும் ஆட்டத்தை இழுத்துப் பிடிக்கும் அனுபவம் வேண்டும். இரண்டும் கோப்பையோடு கூடவே வருவதில்லை.

அந்த அனுபவம் எங்கே கிடைக்கும்? ஜூனியர் கிராண்ட் ஸ்லாமில் சேரும் புள்ளிகள் மகளிர் தரவரிசையில் ஒட்டாது. அங்கே கணக்கு கிட்டத்தட்டப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. 18 வயதுக்குள் ஒருவர் எத்தனை தொழில்முறைப் போட்டிகளில் ஆடலாம் என்பதற்கு மகளிர் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏ உச்சவரம்பும் வைத்திருக்கிறது. ஆகவே ஈலா ஆடியது பார்வையாளர்கள் குறைந்த, சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐடிஎஃப்) கீழ்நிலைப் போட்டிகளில். 2023-ல் ஸ்பெயினின் யெக்லாவிலும் இங்கிலாந்தின் ரோஹாம்ப்டனிலும் சிறிய பட்டங்கள். 2024 ஜூலையில் மீண்டும் ஸ்பெயின், விட்டோரியா-கஸ்தெய்ஸில் ஒரு லட்சம் டாலர் நிலைப் போட்டியில் பட்டம். இந்த ஊர்ப் பெயர்கள் எந்தத் தலைப்புச் செய்தியிலும் வராது. ஆனால் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி மேலே அல்லது அதற்கு இணையாக இருக்கிறது. தேக்கம் என்று சொல்பவர்கள் இந்த வரிசையைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கூடவே 2022-ன் மற்ற மூன்று ஜூனியர் சாம்பியன்களையும் வைத்துப் பார்க்கலாம்: ஆஸ்திரேலிய ஓபனை வென்ற பெட்ரா மார்சின்கோ, பிரெஞ்சு ஓபனை வென்ற ஹவ்லிச்கோவா, விம்பிள்டனை வென்ற லிவ் ஹோவ்டே. நால்வரில் ஒருவர்கூட அடுத்த இரண்டு ஆண்டுகளில் முதல் 100-க்குள் வரவில்லை. நால்வரில் முதலில் உள்ளே நுழைந்தவர் ஈலாதான். தாமதம் என்ற சொல்லை அவர்மேல் ஒட்டுவது எவ்வளவு அநியாயம்!

இதற்கு மறுப்பு உண்டு. 2018-ல் பிரெஞ்சு ஓபன் ஜூனியர் பட்டத்தை 14 வயதில் வென்ற கோகோ காஃப் அடுத்த ஆண்டே விம்பிள்டனில் வீனஸ் வில்லியம்ஸை வெளியேற்றவில்லையா? அதே 2018-ல் விம்பிள்டன் ஜூனியரை வென்ற இகா ஸ்வியாடெக் 2020-ல் பிரெஞ்சு ஓபனையே வெல்லவில்லையா? வென்றார்கள். அவர்கள் விதிவிலக்குகள் என்று சொல்லி நழுவ நான் விரும்பவில்லை. காஃபிடம் அந்த வயதிலேயே வேகமான முதல் சர்வ் இருந்தது. ஸ்வியாடெக்கின் ஃபோர்ஹேண்ட் களிமண் தரையில் எந்த வயதுப் பெண்ணையும் பின்னுக்குத் தள்ளும் அளவுக்குச் சுழன்றது. அவர்களிடம் பெரியவர்களின் களத்துக்கு அப்படியே எடுத்துப்போகக்கூடிய ஓர் ஆயுதம் தயாராக இருந்தது. ஈலாவின் ஆயுதம், எதிராளி வேகமாக அடித்தால்தான் முழுதாக வேலை செய்யும். அதற்கு அவர் முதலில் அந்த வேகத்தைத் தொடர்ந்து சந்திக்க வேண்டியிருந்தது.

வேறொரு மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். ஒசாகா ஜூனியர் சுற்றில் ஆடாமலேயே நான்கு கிராண்ட் ஸ்லாம் வென்றார். நடால் ஆடிய ஒரே ஜூனியர் கிராண்ட் ஸ்லாமில் அரை இறுதியோடு நின்றார். பிறகு ஜூனியர் பட்டத்துக்கு என்ன பொருள் என்று கேட்பார்கள். பணமும் போட்டிகளும் உள்ள நாட்டில் பிறந்தவருக்கு இந்தக் கேள்வி பொருந்தலாம். பிலிப்பைன்ஸில் பிறந்த பெண்ணுக்குப் பொருந்தாது. ஈலா 12 வயதில் பிரான்ஸில் நடக்கும் லே பெதி ஆஸ் ஜூனியர் போட்டியை வென்றார். அதன் பிறகே மயோர்காவில் உள்ள நடால் அகாடமியில் தங்கிப் பயிலும் வழி அவருக்குத் திறந்தது. சொந்த நாட்டில் பெரிய போட்டிகள் இல்லாத ஒருவருக்கு வைல்டு கார்டும் விளம்பரதாரரும் ஜூனியர் வெற்றியைப் பார்த்துத்தான் வருகிறார்கள். பட்டம் ஆட்டத்தை வளர்க்காது. ஆட்டத்தை வளர்த்துக்கொள்வதற்கான காலத்தை வாங்கித் தரும். 2022 மார்ச்சில் மயாமி ஓபனுக்கு வைல்டு கார்டு பெற்ற ஈலா முதல் சுற்றிலேயே தோற்றுப் போனார். மூன்று ஆண்டுகள் கழித்து அதே மயாமி, மறுபடியும் வைல்டு கார்டு. இம்முறை தரவரிசையில் 140-ம் இடம்.

அந்த மயாமிப் போட்டியை விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டாம் சுற்றில் எலீனா ஓஸ்டபென்கோ 7-6, 7-5 என்று வீழ்ந்தார். மூன்றாம் சுற்றில், இரண்டு மாதம் முன்பு ஆஸ்திரேலிய ஓபன் வென்ற மேடிசன் கீஸ் 6-4, 6-2. பவுலா படோசா காயத்தால் விலக, கால் இறுதியில் உலகின் இரண்டாம் நிலை வீராங்கனை ஸ்வியாடெக் 6-2, 7-5. களத்தில் தோற்ற மூவருமே கிராண்ட் ஸ்லாம் வென்றவர்கள், மூவருமே பந்தை முழு வேகத்தில் அடிப்பவர்கள். அந்த வேகத்தையே எடுத்து அவர்கள் காலடியில் ஈலா திருப்பிப் போட்டார். நியூயார்க்கில் பார்த்த அதே ரிட்டர்ன்தான். மாறியது, தன் சர்வ் உடைந்த பிறகும் அடுத்த கேமில் உடைத்துத் திரும்பும் நிதானம். அரை இறுதியில் ஜெசிகா பெகுலாவிடம் மூன்று செட் போராடித் தோற்றார். வேகத்தைத் தராமல் பந்தைத் தாழ்வாகவும் தட்டையாகவும் அனுப்பிய பெகுலா, ஈலாவின் பாடத்தில் எது மீதி என்பதையும் காட்டினார். அந்த ஜூனில் ஈஸ்ட்போர்ன் இறுதியில் நான்கு சாம்பியன்ஷிப் புள்ளிகள் கையில் இருந்தும் மாயா ஜாயின்டிடம் தோற்றதும், அடுத்து அமெரிக்க ஓபனில் கிளாரா டௌசனுக்கு எதிராகக் கடைசி செட்டில் 1-5 என்ற நிலையிலிருந்து மீண்டு வென்றதும் ஒரே ஆட்டக்காரரின் இரண்டு முகங்கள். சர்வ் உறுதியாக இருந்திருந்தால் இரண்டு ஆட்டங்களுமே இவ்வளவு இழுத்திருக்காது.

நமக்கும் இதில் ஒரு அக்கறை இருக்கிறது. கோவையைச் சேர்ந்த மாயா ராஜேஸ்வரன் ரேவதி 2025 பிப்ரவரியில் மும்பை ஓபனில் தகுதிச் சுற்றிலிருந்து அரை இறுதிவரை வந்தபோது அவருக்கு 15 வயது. ஈலா வளர்ந்த அதே நடால் அகாடமியில்தான் அவரும் பயிற்சி பெறுகிறார். அவர் ஜூனியர் போட்டிகளில் வெல்லும்போதெல்லாம் அடுத்த சானியா என்று எழுதத் தொடங்குவோம். ஆறு மாதம் முதல் சுற்றுத் தோல்விகள் வந்தால் கைவிடுவோம். யூகி பாம்ப்ரிக்கு அதைத்தான் செய்தோம். 2009-ல் ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் பட்டம் வென்ற அவர் காயங்களோடு மல்லுக்கட்டி ஒற்றையரில் 83-ம் இடத்தைத் தொட்டது 2018-ல். அந்த ஒன்பது ஆண்டுகளில் அவரைப் பற்றி எவ்வளவு எழுதினோம்?

ஆகவே அடுத்த முறை ஒரு பெண் ஜூனியர் கோப்பையோடு நிற்கும் படம் வந்தால், அவர் யாரை வென்றார், அவர்களுக்கு என்ன வயது, இரண்டாவது சர்வ் எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். விளம்பரதாரர்களும் டென்னிஸ் சங்கங்களும் பாராட்டு விழாவுக்குச் செலவிடும் பணத்தை அடுத்த மூன்று ஆண்டுகளின் பயணச் செலவுக்கும் உடற்பயிற்சியாளருக்கும் ஒதுக்கட்டும். ஈலாவுக்கே இரண்டரை ஆண்டுகள் தேவைப்பட்டன.