கணினி இதயம் பொருந்தினால் போதுமா?

எங்க ஊர் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. நடந்த காலத்தில், மூச்சடக்கி முங்குபவருக்கு மேலே படகில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். மச்சான்தான் பிடிக்கணும் என்பார்கள். கீழே நடப்பது அவருக்குத் தெரியாது. கைக்கு வரும் இழுப்பு மட்டும்தான் தகவல்.

தீவிர சிகிச்சைக்கான 'நோயாளிக்கே உரிய இதய மாதிரி' பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கயிறுதான் ஞாபகம் வருது. நோயாளியின் தமனியில் செருகிய குழாய் வழியே ரத்த அழுத்த அலை கணினிக்குப் போகிறது. இதயத்தின் வலு, ரத்தநாளங்களின் தடை, ரத்தத்தின் அளவு என்று பல எண்களை மாற்றி மாற்றி, கணினியின் அலை நோயாளியின் அலையோடு பொருந்தும்வரை திருத்துகிறார்கள். பொருந்தியதும், இதுதான் இவருடைய இதயம் என்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. சராசரி அழுத்தம் 60 என்று வைப்போம். தோராயமாக, அழுத்தம் என்பது ஓட்டத்தையும் தடையையும் பெருக்கினால் வருவது. நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓட்டம், தடை 20 என்றாலும் 60. 6 லிட்டர், தடை 10 என்றாலும் 60. முதலாமவருக்கு இதயம் தளர்ந்திருக்கலாம். இரண்டாமவருக்குக் கிருமித்தொற்றால் நாளங்கள் விரிந்திருக்கலாம். நாளத்தை இறுக்கும் நார்அட்ரினலின் இரண்டாமவருக்கு உதவும். முதலாமவரின் இதயத்துக்குச் சுமை கூட்டும். அலையின் வடிவம் கொஞ்சம் துப்புக் கொடுக்கும், உண்மைதான். ஆனால் தெரியாத எண்கள் அதைவிட அதிகம்.

அப்போ கூடுதலாக அளந்தால் சரியாகிவிடுமா? 1970-ல் வந்த ஸ்வான்-கான்ஸ் குழாய் இதயத்துக்குள்ளேயே போய் அளந்தது. 2005-ல் வெளியான பிரிட்டனின் பேக்-மேன் ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அது இறப்பைக் குறைக்கவில்லை. எண் கிடைப்பது வேறு, அதை வைத்துச் சரியாக முடிவெடுப்பது வேறு.

இந்த மாதிரிகள் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. நியூசிலாந்தின் கேன்டர்பரி, பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகங்கள் பன்றிகளில் செய்த வேலை கவனமானது. நான் கேட்பது ஒன்றுதான்: பொருத்திக் காட்டாதீர்கள், முன்கூட்டியே சொல்லுங்கள். படுக்கையைச் சாய்த்து நோயாளியின் கால்களை உயர்த்தினால் சுமார் 300 மில்லி ரத்தம் இதயத்தை நோக்கி வரும், இறக்கினால் திரும்பிவிடும். மருந்தில்லை, பெரிய செலவில்லை. உயர்த்துவதற்கு முன்பே, ஓட்டம் எவ்வளவு கூடும் என்று மாதிரி எழுதித் தரட்டும். பிறகு எக்கோவில் அளந்து பார்ப்போம். தப்பினால், சலைன் ஏற்றச் சொல்லும் அதன் யோசனையை அன்றைக்கு ஒதுக்கிவைப்போம்.