விவாத முடிப்புத் தீர்மானமும் கில்லட்டின் முறையும்

நடந்துகொண்டிருக்கும் விவாதத்தை நிறுத்தி உடனே வாக்கெடுப்புக்குச் செல்லக் கோருவது விவாத முடிப்புத் தீர்மானம் ஆகும். குறித்த நேரம் வந்ததும், பேசப்படாத பகுதிகளையும் சேர்த்து வாக்குக்கு விடுவது கில்லட்டின் முறை. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், இரண்டாவதே நாடாளுமன்றத்துக்குக் கூடுதல் ஆபத்தானது.

தோற்றம்

அயர்லாந்தில் விசாரணையின்றிக் காவலில் வைக்க வழிசெய்யும் சட்டமுன்வரைவு 1881இல் பிரித்தானியக் காமன்ஸ் அவைக்கு வந்தது. பார்னெல் தலைமையிலான ஐரிய உறுப்பினர்கள் தொடர்ந்து பேசியே அதைத் தடுத்தனர். சனவரி 31 அன்று தொடங்கிய அமர்வு 41 மணி நேரத்தைக் கடந்ததும், அவைத்தலைவர் என்றி பிராண்ட் தம் சொந்தப் பொறுப்பில் விவாதத்தை முடித்தார். அதற்கான விதி 1882இல்தான் வந்தது. 1887இல், மீண்டும் ஓர் அயர்லாந்து அடக்குமுறைச் சட்டத்துக்காகவே, கில்லட்டின் பயன்படுத்தப்பட்டது.

இந்திய விதிகள்

மக்களவை விதி 362இன்படி எந்த உறுப்பினரும் விவாதத்தை முடிக்கக் கோரலாம். ஆனால் அது நியாயமான விவாத உரிமையைப் பறிப்பதாகத் தோன்றினால் அவைத்தலைவர் அதை ஏற்க வேண்டியதில்லை. மானியக் கோரிக்கைகளுக்கான விதி 208இல் இந்தக் காப்பு இல்லை. கடைசி நாளில் குறித்த நேரம் வந்தால், எஞ்சிய கோரிக்கைகள் அனைத்தையும் அவர் வாக்குக்கு விட்டே ஆகவேண்டும்.

விமர்சனம்

முடிப்பதற்கு முதலில் ஒரு விவாதம் தொடங்கியிருக்க வேண்டும். 2018 மார்ச் 14 அன்று மானியக் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் அமளிக்கிடையே விவாதமின்றி நிறைவேறின. 2023 மார்ச் 23 அன்று சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுக்கான ஒப்புதலும் அவ்வாறே கிடைத்தது. அந்த அமர்வில் எதிர்க்கட்சியினர் மட்டுமன்றி ஆளுங்கட்சியினரும் முழக்கமிட்டு அவையை முடக்கினர். பேச்சால் தடுத்த சிறுபான்மையை அடக்கப் பிறந்த கருவி, பேச்சே நிகழாத அவையில் அரசுக்குக் கைகொடுத்தது. அமளி நீடித்தாலும் அரசுக்கு இழப்பில்லை என்றால், அவையை நடத்தும் அக்கறையும் அதற்குக் குறையும்.

நிதியாண்டு தொடங்குமுன் செலவுக்கு ஒப்புதல் தேவை என்பது உண்மைதான். 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் கோரிக்கைகளை ஆராய்வதும் உண்மை. ஆனால் அவற்றின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துவதில்லை. அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வதற்கு அவை ஈடாகவும் மாட்டா. ஆகவே கில்லட்டினை ஒழிப்பதைவிட, குறைந்தபட்ச மணிநேர விவாதம் நடந்த பின்னரே அதைப் பயன்படுத்தலாம் என விதி 208ஐத் திருத்துவதே பொருத்தமான தீர்வு.