உப்புக் காற்றில் பட்டன் போன்

மாமல்லபுரத்தில் ஒரு போன் பிழைத்திருப்பது எளிதல்ல. சிற்பக் கூடங்களில் பகல் முழுவதும் கருங்கல் தூசு பறக்கிறது. நான்கு தெரு தாண்டினால் கடல். அந்தக் காற்றில் வரும் உப்பு போனுக்குள் இருக்கும் செம்பை மெல்ல அரிக்கிறது. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் குப்பங்களில் ஈரக் கையோடுதான் போனை எடுக்கிறார்கள், லுங்கி மடிப்பில் சொருகுகிறார்கள், ஃபைபர் படகின் பலகையில் தவறவிடுகிறார்கள். "அந்தக் காலத்து செட்டு மாதிரி வராது" என்று இங்கே ஒருவர் சொன்னால் அதை வெறும் பழம்பெருமையாகத் தள்ளிவிட முடியாது. அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியாது.

அந்த செட்டுகளில் பல நம் மண்ணிலேயே உருவானவை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்த ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. விலை குறைந்த பட்டன் போன்கள் அங்கிருந்து கோடிக்கணக்கில் வெளியேறின. அந்த வகைக்கு இலக்கணமாக அமைந்தது 2003-இல் வந்த நோக்கியா 1100. உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்ற மாடல் அது. தூசு புகாதபடி முகப்பு முழுவதையும் ஒரே ரப்பர் விரிப்பாக மூடியிருந்தார்கள். உச்சியில் ஒரு டார்ச். வளரும் நாடுகளின் புழுதியையும் மின்வெட்டையும் மனத்தில் வைத்துச் செய்த வடிவம். உளி பிடித்த கைக்கு அது ஒத்துப்போனதில் வியப்பில்லை.

ஆனால் உறுதிக்குக் காரணம் ரப்பர் மட்டுமல்ல. 1100-இன் எடை 86 கிராம். இன்றைய டச் போன் 200 கிராமை நெருங்குகிறது. இரண்டையும் இடுப்புயரத்திலிருந்து விட்டால், புதியது தரையில் மோதும் ஆற்றல் பழையதைப்போல் இரு மடங்குக்கு மேல். அந்த அடியை வாங்கும் முகம் முழுக்கக் கண்ணாடி. பழையதில் டிஸ்ப்ளே சிறியது, பிளாஸ்டிக் சாளரத்துக்குப் பின்னால் உள்வாங்கி உட்கார்ந்திருந்தது. விழுந்தவுடன் பின் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் தெறிக்கும். அப்படித் தெறிப்பதிலேயே அடியின் ஒரு பங்கு கழிந்துவிடும். பொறுக்கிச் சேர்த்துப் போட்டால் மறுபடி எரியும்.

பேட்டரியின் கணக்கு இன்னும் முக்கியமானது என்று நினைக்கிறேன். 1100-இல் இருந்த பேட்டரியின் கொள்ளளவு 850 மில்லியாம்பியர் மணி; இன்று 5000 சாதாரணம். இரண்டும் லித்தியம் வகைதான். இந்த வகை பேட்டரி தேய்வதற்கு அதன் வயதோடு, எத்தனை முறை சார்ஜ் ஏறி இறங்கியது என்பதும் பெருங்காரணம். பட்டன் போனுக்கு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட்டோம். வருடத்துக்கு நூறு முறை இருக்கும். டச் போனுக்குத் தினமும் போடுகிறோம். வேதியியல் மாறவில்லை, வேலைதான் பல மடங்காகிவிட்டது. பேசவும் செய்தி அனுப்பவும் மட்டுமே பயன்பட்ட கருவி சூடாகவில்லை, வேகம் குறையவில்லை, புதிய மென்பொருள் கேட்டு நச்சரிக்கவில்லை. அதன் நீண்ட ஆயுளில் பாதி, அதனிடம் நாம் கொஞ்சமாகக் கேட்டதால் கிடைத்தது.

இனி மறுபக்கம். இன்று மேசை இழுப்பறையில் கிடந்து சார்ஜ் போட்டதும் விழித்துக்கொள்ளும் செட்டைப் பற்றித்தான் பேசுகிறோம். செத்துப்போன லட்சக்கணக்கானவை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன, அவற்றைப் பற்றிப் பேச ஆளில்லை. எழுத்து அழிந்த கீபேட், ஆடிப்போன சார்ஜர் பின், ஒலி அடைத்த ஸ்பீக்கர், உப்புத் தண்ணீரில் பச்சை பூத்த போர்டு எல்லாம் அந்தக் காலத்திலும் உண்டு. 1100-இல் இருந்த அதே பிஎல்-5சி வகை பேட்டரிகளில் 4.6 கோடி, சார்ஜ் ஆகும்போது அதிகமாகச் சூடாகலாம் என்று 2007 ஆகஸ்டில் நோக்கியாவே மாற்றித்தர முன்வந்தது. தண்ணீரைத் தாங்குவதில் ஐபி68 தரச்சான்று பெற்ற இன்றைய போன், 1100 போன்ற பட்டன் போன்களை மிஞ்சிவிடும்.

பழைய செட்டின் உறுதிக்கு இன்னொரு காரணமும் சொல்லலாம்: போர்டுகளின் பற்றாசில் ஈயம் இருந்தது. ஈயம் கலந்த பற்றாசு மென்மையானது. அடிபட்டால் சற்று வளைந்து கொடுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையில் அதற்குத் தடை விதித்தபின் உலகமே மெல்ல மாறியது. ஈயம் போனதை நான் இழப்பாகக் கருதவில்லை. குப்பைமேட்டில் போர்டை எரித்துச் செம்பு பொறுக்குபவரின் நுரையீரலுக்குள் போன நஞ்சு அது.

கருவி உழைத்தாலும் வலையமைப்பு உழைக்க வேண்டுமே. 2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கொடுத்துப் பரப்பிய, சிடிஎம்ஏ என்னும் வலையமைப்பு முறையில் இயங்கிய போன்கள், அந்தச் சேவை 2016 வாக்கில் நிறுத்தப்பட்டதும் ஒரு கீறலும் இல்லாமலே பயனற்றுப் போயின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காகக் கொண்டுவந்த 'ஃபிஷர் ஃபிரண்ட்' சேவையும் முதலில் சிடிஎம்ஏ போன்களில் தொடங்கி, பிறகு ஆண்ட்ராய்டுக்கு மாறியது. அலையின் உயரம், காற்றின் வேகம், மீன் கூடும் இடம், கடல் எல்லை நெருங்கும் எச்சரிக்கை: இவையெல்லாம் வேண்டுமென்றால் சிறு திரை போதாது. பழைய போன்கள் பலவற்றில் தமிழில் வந்த செய்தி வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. புயல் எச்சரிக்கையைக் கட்டங்களாகக் காட்டும் போன் எத்தனை ஆண்டு உழைத்து என்ன? கடலுக்குப் போகிறவர் பட்டன் போனுக்குத் திரும்ப வேண்டும் என்று கரையிலிருந்து சொல்ல நமக்கு உரிமையில்லை.

அப்படியானால் பழையதில் மீட்க வேண்டியது என்ன? என் பார்வையில், அது பிரிக்கக் கூடியதாக இருந்தது. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சர்வீஸ் கடையில் நாலைந்து திருகைக் கழற்றினால் முழுசும் கையில் வந்துவிடும். பாடி மாற்றலாம், டிஸ்ப்ளே மாற்றலாம், போர்டைத் தின்னர் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்து உலர்த்தலாம். பேட்டரியை வாங்கியவரே மாற்றிக்கொள்ளலாம். இன்று பேட்டரி பசையில் புதைந்திருக்கிறது. திறக்க ஹீட் கன் வேண்டும், திறந்தால் தண்ணீர்க் காப்பு போய்விடுகிறது. மெலிவும் நீர்க்காப்பும் வேண்டுமென்றால் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்பது நிறுவனங்களின் வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கழற்றக் கூடிய பேட்டரியோடும் நீர்க்காப்போடும் போன்கள் வந்திருக்கின்றன. சற்றுத் தடிமன் கூடும், அவ்வளவுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி விதி, சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரி 18 முதல் பேட்டரியைப் பயனரே மாற்றும் வசதியைக் கட்டாயமாக்குகிறது. இந்தியாவில் 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தார்கள். அது தகவல் தரும், கட்டாயப்படுத்தாது.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை வரித் தகராறில் சிக்கி, நோக்கியாவின் போன் பிரிவை வாங்கிய மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறாமல் தனித்து நின்று, 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அவர்களில் பெரும்பங்கு பெண்கள், வேலை இழந்தார்கள். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் போன் தயாரிப்பு நிற்கவில்லை. இன்று அங்கே உலகச் சந்தைக்கான ஐபோன்கள் தயாராகின்றன. உற்பத்தி இவ்வளவு அருகில் இருக்கும்போது நம் கோரிக்கையும் துல்லியமாக இருக்கலாம். ஐபி சான்றுக்கான சோதனை நன்னீரில் நடக்கிறது. கடல்நீருக்கு அது பொருந்தாது. மின்னணுக் கருவிகளை உப்பு மூடுபனியில் வைத்துச் சோதிக்கும் முறைகள் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலத்தில் விற்கும் ஒவ்வொரு போனும் அந்தச் சோதனையைக் கடந்து, முடிவைப் பெட்டியின்மேல் தமிழில் அச்சிட்டு வர வேண்டும். பேட்டரியை மாற்ற எத்தனை திருகு கழற்ற வேண்டும் என்பதையும் அதற்குக் கீழே போடட்டும்.