பியானோவில் நிகழ்பட விளையாட்டிசை: காலம் யார் கையில்?

‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ (1985) விளையாட்டுக்குக் கோஜி கோண்டோ அமைத்த இசை, இரு துடிப்பலை, ஒரு முக்கோண அலை, தாளத்திற்கோர் இரைச்சல் என்னும் குரல்களில் இயங்குகிறது. முதல் மூன்றையும் பியானோவில் இரு கைகளுக்குப் பகிர்ந்துவிடலாம். இடர்ப்பாடு காலத்தில் உள்ளது. விளையாட்டில் மெட்டு முடிவின்றிச் சுழல்கிறது. எஞ்சிய நேரம் 100ஆகக் குறைந்ததும் விரைகிறது. மாரியோ வீழ்ந்தால் இடையிலேயே அறுபடுகிறது. கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையில் நிகழ்ச்சிக்கேற்ப உடுக்கையின் நடை மாறுவதை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. ஆனால் அங்கே நடையை மாற்றுபவர் கலைஞர், இங்கே விளையாடுபவர். பியானோ மேடையில் அவர் இல்லை. ஆகவே சுழலை இருமுறை அப்படியே வாசித்து முடிக்கும் வடிவங்கள், எத்துணைத் துல்லியமாயினும், சுரங்களை மட்டுமே காக்கின்றன. எங்கே விரைவது, எங்கே அறுப்பது எனத் தாமே துணிந்து முடிவுசெய்யும் கலைஞரிடமே விளையாட்டின் பதற்றம் செவிக்கு எட்டுகிறது.