நாற்பது வீச்சும் எதுக்கு?

முதல் ஜூடோ போட்டிக்குத் தயாராகிறவர்கள் சிலர் கோடோகனின் 'கோக்யோ' பட்டியலை வரிசையா பழகுறாங்க. 1920-இல் திருத்தப்பட்ட அதில் 40 வீச்சுகள். பாடத்திட்டமாக அருமை, போட்டிக்கு அது வழிகாட்டி இல்லை என்பேன். முதல் வீச்சான தே-ஆஷி-பராயையே பாருங்க: எதிராளி முன்வைக்கும் காலில் எடை இறங்கும் அந்தக் கணத்திலேயே தட்டிவிடணும். புதியவருக்கு அது லேசில் வராது.

அதே முதல் தொகுதியிலிருந்து ஓ-உச்சி-காரி, செஓய்-நாகே இரண்டை மட்டும் எடுங்க. முன்னது, உள்பக்கமாகக் காலைக் கொக்கி போட்டுப் பின்னால் சாய்ப்பது. விழாமலிருக்க எதிராளி முன்னால் எடை போடுவார். உடனே திரும்பி, முதுகில் ஏற்றி வீசலாம். ஒன்றில் தப்பினால் மற்றதில் மாட்டுவார். நாற்பதையும் தொட்டுப் பார்த்தவர், களத்தில் எதைப் போடுறதுன்னு யோசிக்கும்போதே கீழே கிடப்பார்.