அட்டையிலேயே தீர்ப்பு

2024 அக்டோபரில் மராத்திக்குச் செம்மொழித் தகுதி கிடைத்ததிலிருந்து அதன் வட்டார வழக்குகளுக்கும் புது மவுசு. புனே டெக்கான் கல்லூரி, ராஜ்ய மராத்தி விகாஸ் சன்ஸ்தாவோடு சேர்ந்து நடத்தும் மராத்திக் கிளைமொழி ஆய்வைப் பாராட்டத்தான் வேண்டும். ஊர் ஊராகப் போய்ப் பேச்சைப் பதிவுசெய்து, எவரும் கேட்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். உழைப்பில் குறையில்லை. என் சண்டை தலைப்போடு.

மராத்தியின் கிளைமொழிகள் என்று அட்டையில் போட்டுவிட்டு ஆளை அனுப்பினால், திரும்பி வருவதெல்லாம் மராத்தியின் கிளைமொழியாகத்தான் இருக்கும். தூளே, ஜள்காவ் பக்கத்து அகிராணியைப் பாருங்கள். 'ராமனுடைய' என்பதற்கு மராத்தியில் 'ராமாசா', அகிராணியில் 'ராம்னா'. குஜராத்தியின் 'ராம்னோ'வுக்குத்தான் அது நெருக்கம். இந்திய மொழிகளைக் கணக்கெடுத்த கிரியர்சனும் 1907இல், அகிராணி அடங்கும் காந்தேசியை மராத்தித் தொகுதியில் சேர்க்காமல் பீல் மொழிகளோடு வைத்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதைத் தனி மொழியாக எண்ணி, 18 லட்சம் பேருக்கு மேல் காட்டுகிறது. ஆய்வின் முதல் கேள்வியாக இருக்க வேண்டிய இந்த முரண், தலைப்பிலேயே அடிபட்டுப் போகிறது.

கிளைமொழி என்பது வெறும் கலைச்சொல், அதில் ஏற்றத்தாழ்வு இல்லை என்பார்கள். கொங்கணிக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். டெக்கான் கல்லூரியை நீண்ட காலம் நடத்திய எஸ்.எம். காத்ரே 1942லேயே கொங்கணிக்குத் தனி வரலாறு எழுதிவிட்டார். ஆனாலும் ஏ.எம். காட்கேயின் மராத்திக் கிளைமொழி வரிசையில் 1963இல் வந்த முதல் நூலே தென் கன்னடக் கொங்கணிதான். 1975இல் சாகித்திய அகாதெமி கொங்கணியைத் தனி மொழியாக ஏற்றது. 1992இல் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் ஏறியது. காட்கே குறித்துவைத்த வினைமுற்றுகளில் ஒன்றுகூட இடையில் மாறவில்லை. வெறும் கலைச்சொல் என்றால் கோவாவில் கொங்கணிக்காக அத்தனை போராட்டம் ஏன்?

பாகிஸ்தானிலும் இதே கதைதான். முல்தான், பகவல்பூர்ப் பேச்சையெல்லாம் கிரியர்சன் 'லஹந்தா' என்ற பெயரில் அடைத்தார். பேசுகிறவர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. 1960களில் அவர்களே சிராய்க்கி என்ற பெயரை முன்வைத்து, 1981 கணக்கெடுப்பில் தனி இடம் வாங்கினார்கள். இன்றும் அதைப் பஞ்சாபிக்குள் தள்ளுகிற பண்டிதர்கள் உண்டு.

நாமும் யோக்கியர்கள் இல்லை. மகாராஷ்டிரத்தில் பேசப்படும் கைக்காடியை அதே 2011 கணக்கெடுப்பு தமிழின் கீழ் சேர்த்து நம் தொகையைக் கூட்டிக் காட்டுகிறது. நமக்கு அது உறுத்தவேயில்லை.

புனே ஆய்வாளர்கள் அட்டையை மாற்றட்டும். பேசியவர் தன் பேச்சுக்குச் சொன்ன பெயர் அங்கே வரட்டும். எது எதன் கிளை என்பதை, சான்றுகளை அடுக்கிய பிறகு கடைசி அத்தியாயத்தில் எழுதிக்கொள்ளலாம்.