பாலியல்பும் பொருளியல் அடித்தளமும்: குயர் கோட்பாடு பற்றிய ஓர் அறிமுகக் குறிப்பு

குயர் கோட்பாடு மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பண்பாட்டு விவகாரம் என்றும், வர்க்கப் போராட்டத்துடன் அதற்குத் தொடர்பில்லை என்றும் முற்போக்கு வட்டாரங்களிலே ஒரு கருத்து நிலவுகின்றது. அக்கருத்தைப் பரிசீலிப்பதே இக்குறிப்பின் நோக்கமாகும்.

'குயர்' என்பது ஆங்கிலத்திலே தன்பாலீர்ப்புடையோரை இழித்துரைக்கும் வசைச்சொல்லாக வழங்கியது. வசைக்கு ஆளானோரே பின்னர் அதனைத் தம் அரசியற் பெயராக ஏற்றனர். 1990இல் கலிபோர்ணியாவிலே நடைபெற்ற மாநாடொன்றில் தெரேசா டி லோரெட்டிஸ் அதனைக் கோட்பாட்டின் பெயராக முன்வைத்தார். ஆயின், அதன் அடிப்படைகள் முந்தியவை. மிசேல் பூக்கோ 1976இல் வெளியிட்ட 'பாலியலின் வரலாறு' முதலாந் தொகுதியிலே, பழைய சட்டங்கள் சில செயல்களையே தண்டித்தன என்றும், 19ஆம் நூற்றாண்டு மருத்துவமே அவற்றைப் புரிவோரைத் தனியொரு மனித வகையினராக வகுத்தது என்றும் வாதிட்டார். பாலியல் அடையாளம் வரலாற்றின் விளைபொருள் என்பதே இதன் சாரம். எனினும், உற்பத்தி உறவுகளிலிருந்து தொடங்கி அவ்வரலாற்றை விளக்குதல் பூக்கோவின் நோக்கமன்று.

அவ்வழியிலே சென்றவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜோன் டெமிலியோ. குடும்பம் உற்பத்தி அலகாக இருந்தவரை அதற்கு வெளியே வாழ்தல் அரிது. கூலியுழைப்புப் பரவியபோதே, தன்பாலீர்ப்பை மையமாகக் கொண்டு வாழ்வை அமைக்கும் சாத்தியம் நகரங்களில் தோன்றிற்று என அவர் 1983இல் எழுதினார். அதே முதலாளித்துவம் அடுத்த தலைமுறைத் தொழிலாளரை வளர்க்கும் பொறுப்பைக் குடும்பத்தின்மீது சுமத்துகின்றது. குடும்பம் தளர்வுறும்போது பழி தன்பாலீர்ப்பாளர்மீது விழுகின்றது. இம்முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது.

யூடித் பட்லர் 1990இல் வேறொரு தளத்திலே இவ்வினாவை எழுப்பினார். ஆண்மையும் பெண்மையும் உள்ளார்ந்த சாரத்தின் வெளிப்பாடுகளல்ல. திரும்பத் திரும்ப நிகழ்த்தப்படுவதனாலேயே சாரம்போலத் தோற்றுகின்றன என்பது அவர் வாதம். விரும்பிய வேடத்தை விரும்பியவாறு புனையலாம் என்பதே இதன் பொருளெனக் கொள்வது தவறு. அந்நிகழ்த்துகை சமூக நியதிகளின் நிர்ப்பந்தத்துக்கு உட்பட்டது என்பதை 1993இல் வெளிவந்த நூலிலே அவர் வலியுறுத்தினார்.

மார்க்சியருக்கு முக்கியமானது 1997இல் பட்லருக்கும் நான்ஸி பிரேசருக்கும் நிகழ்ந்த விவாதம். உயிர்வாழ்வின் உற்பத்தியிலே மனிதரின் மறுவுற்பத்தியும் அடங்கும் என்ற ஏங்கெல்ஸின் 1884ஆம் ஆண்டுக் கருத்தைச் சுட்டி, பாலியல் ஒழுங்கு வெறும் பண்பாடன்று என்றார் பட்லர். இன்றைய முதலாளித்துவத்திலே அவ்வொழுங்கு பொருளியல் அமைப்பிலிருந்து பெரிதும் விலகிவிட்டது என்றும், பெரும் நிறுவனங்கள் தன்பாலீர்ப்பாளரை ஏற்பதே அதற்குச் சான்று என்றும் பிரேசர் மறுத்தார்.

பிரேசரின் சான்றை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், நிறுவனம் ஏற்பது யாரை? வாங்கும் சக்தியுள்ளவரையே. குடும்பத்தினின்று துரத்தப்படும் தொழிலாளி, கூலிக்கு வெளியே தனக்கிருந்த உணவையும் உறைவிடத்தையும் பராமரிப்பையும் ஒருங்கே இழக்கிறார். ஒடுக்குமுறை ஒன்றாயினும் அதன் விலை வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபடுகின்றது. பட்லரின் வாதமும் வர்க்கப் பகுப்பாய்வும் சந்திக்கும் இடம் இதுவே.

வரலாறும் இதனை உறுதிசெய்கின்றது. புரட்சிக்குப் பின்னர் 1922இல் வகுக்கப்பட்ட ருஷ்யக் குற்றவியற் சட்டம் ஆண்களிடையிலான தன்பாலுறவைக் குற்றமெனக் கொள்ளவில்லை. 1934இல் அது மீண்டும் குற்றமாக்கப்பட்டது. 1936இல் கருக்கலைப்பும் தடைசெய்யப்பட்டது. குடும்பத்தை அரசு இறுக்கிய அதே காலத்திலேயே இவை நிகழ்ந்தன. ருஷ்யாவிலே 1993 வரை அச்சட்டம் நீடித்தது. இலங்கையிலோ, ஆங்கிலேயர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு, சுதந்திர நாட்டின் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் பெண்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது.

எனவே குயர் கோட்பாட்டை முழுமையாக ஏற்பதோ முற்றாக நிராகரிப்பதோ நம்முன்னுள்ள பணியன்று. குடும்பம், கூலி, அரசு ஆகிய மூன்றையும் பாலியலுடன் இணைத்து ஆராய்தலே பணியாகும். அதனைத் தட்டிக்கழிக்கும் மார்க்சியம், ஏங்கெல்ஸ் தொடக்கிவைத்த ஆய்வையே பாதிவழியில் கைவிட்டதாகும்.